முயலுக்குச் சீப்பு ஏன்? எப்படி?

உடலை நக்கும்போது விழுங்கிய முடியைப் பூனை உருண்டையாகக் கக்கிவிடும். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போன முடி குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நார்ச்சத்து குறைந்து குடல் மந்தமானால், அந்த முடி உணவோடு சேர்ந்து கெட்டிப்பட்டுவிடும். உயிருக்கே ஆபத்து.

பகல் நீளமும் வெப்பமும் மாறும் பருவங்களில், பொதுவாக ஆண்டுக்கு 2 முறை, பழைய முடி கொத்துக் கொத்தாக உதிரும். அப்போது தினமும் சீவ வேண்டும்; மற்ற நாட்களில் குட்டை முடி முயலுக்கு வாரம் ஒருமுறை போதும்.

எந்த பிரஷ்? முயலின் தோல் மிக மெல்லியது, எளிதில் கிழியும். குட்டை முடி முயலுக்கு ரப்பர் பிரஷ் ஏற்றது. அதன் மழுங்கிய பற்கள் உதிர்ந்த முடியை மட்டும் பற்றி இழுக்கும், தோலைக் கீறாது. அங்கோரா போன்ற நீள்முடி இனங்களுக்கு முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு நெருக்கப் பல் சீப்பு.

மடியில் துண்டு விரித்து, முடி வளரும் திசையிலேயே மெல்லச் சீவலாம். பாதங்களைத் தொட வேண்டாம்: அங்கே மெத்தை போன்ற திண்டு இல்லை, முடிதான் காப்பு. சிக்கைக் கத்தரித்தால் தோலும் வெட்டுப்படலாம். விரலால் பிரிப்பதே நல்லது.

முயல் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.