உங்களுக்குத் தெரியுமா? – ஊருக்குள் நுழைய ஒரு கட்டணம்

♦ நெரிசலைக் குறைக்கக் கார்களிடம் காசு வாங்கும் வேலையை 1975 ஜூன் 2 அன்றே தொடங்கிவிட்டது சிங்கப்பூர். அப்போது கேமரா எல்லாம் கிடையாது. காலை நேரத்தில் நகர மையத்துக்குள் போக, நாளுக்கு 3 வெள்ளி கட்டி ஒரு காகிதச் சீட்டு வாங்கி முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நுழைவிடத்தில் நிற்கும் காவலர் கண்ணாலேயே பார்ப்பார். சீட்டு இல்லாத வண்டியை மறிக்காமல் நம்பரை மட்டும் குறித்துக்கொள்வார். அபராதம் பிறகு வந்து சேரும். காரில் நான்கு பேர் இருந்தால் கட்டணம் இல்லை என்று ஒரு சலுகையும் இருந்தது. விடுவார்களா? தனியாகக் காரில் வந்தவர்கள், பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு தலைக்கணக்கைச் சரிக்கட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவருக்கு ஓசியில் கார் சவாரி! மின்னணு வசூல் வந்தது 1998-ல்.

♦ லண்டனில் 2003 பிப்ரவரி 17 முதல் வசூல். சாவடியும் இல்லை, தடுப்புக் கட்டையும் இல்லை. சாலையில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை ‘சி’ எழுத்து, மேலே கேமரா, அவ்வளவுதான். ‘இது வரி, தூதரகங்கள் வரி கட்டத் தேவையில்லை’ என்று சொல்லி அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளின் தூதரகங்கள் வைத்திருக்கும் பாக்கி, பல மில்லியன் பவுண்ட்.

♦ தனித்தனியாகத் திண்டாடுவானேன் என்று 2000-ல் எட்டு ஐரோப்பிய நகரங்கள் ‘புரோகிரஸ்’ என்ற திட்டத்தில் கைகோத்தன: பிரிஸ்டல், எடின்பரோ, கோபன்ஹேகன், ஹெல்சின்கி, ஜெனோவா, ரோம், கோதன்பர்க், டிரான்ட்ஹெய்ம். 1991 முதலே வசூலித்துவந்த டிரான்ட்ஹெய்மின் அனுபவம் மற்றவர்களுக்குப் பாடமானது. கோபன்ஹேகனில் கார்களில் ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பார்த்தார்கள். ஆனால் சோதனை வேறு, ஓட்டுப்பெட்டி வேறு. 2005-ல் எடின்பரோ மக்களிடம் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 100-க்கு 74 பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். திட்டம் அத்தோடு சரி. கோதன்பர்க் 2013-ல் வசூலைத் தொடங்கியது. மறு ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் எதிர்ப்பே வென்றும் நிறுத்தவில்லை.

♦ ஸ்டாக்ஹோம்தான் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. முதலில் கூடுதல் பஸ்களை விட்டார்கள். 2006 ஜனவரி முதல் ஏழு மாதம் கட்டணம் வாங்கினார்கள். போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஜூலையோடு நிறுத்திவிட்டு, செப்டம்பரில்தான் வாக்கெடுப்பு. ருசி பார்த்த நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ‘இருக்கட்டும்’ என்றார்கள். எடின்பரோவும் இந்த வழியில் போயிருக்கலாம்.

♦ சாலையிலும் நெரிசல் நேரத்துக்கு ஏற்ப விலை வேண்டும் என்று 1950-களிலேயே வாதாடியவர் வில்லியம் விக்ரி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1996 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றாம் நாள் இறந்துபோனார். அவர் பாடம் நடத்திய நியூயார்க்கில் நெரிசல் கட்டணம் அமலுக்கு வந்தது 2025 ஜனவரி 5-ல். காருக்கு 9 டாலர்.