கை நடுக்கத்தை யார் எண்ணினாங்க?

ராயபுரத்துல ஒரு அக்னி கோயில் இருக்கு, பார்த்திருக்கீங்களா? 1910-ல பார்சிகள் கட்டினது. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போறப்ப பல தடவை அந்தப் பக்கமா போயிருப்போம். இன்னிக்கு நம்ம பேச்சு பார்கின்சன் நோய் பற்றி. அதை இந்தக் கோயில்லேர்ந்து ஆரம்பிக்க ஒரு காரணம் இருக்கு.

பம்பாய்ல பார்சி காலனிகள்ல வீடு வீடாப் போய் ஒரு கணக்கெடுப்பு நடத்தினாங்க. முடிவு 1988-ல வந்துச்சு. 14,010 பேர்ல 46 பேருக்கு பார்கின்சன். அதாவது லட்சத்துக்கு 328 பேர். 2004-ல வெளியான பெங்களூர் வட்டாரக் கணக்கெடுப்புல லட்சத்துக்கு 33 பேர்தான். பத்து மடங்கு வித்தியாசம்!

உடனே "இது பார்சிங்க ரத்தத்துலயே இருக்கு"ன்னு முடிவு கட்டிடாதீங்க. பார்கின்சன் பெரும்பாலும் வயசான பிறகு வர்றது. பார்சி சமூகத்துல குழந்தைகள் குறைவு, பெரியவங்க அதிகம். அமெரிக்க மக்கள்தொகையோட வயசு விகிதத்துக்கு மாத்திப் பார்த்தா, அந்த 328 அப்படியே 192-க்கு இறங்கிடுது. மிச்ச வித்தியாசத்துக்கு மரபணு காரணமா இருக்கலாம், சூழலும் காரணமா இருக்கலாம். பூச்சிமருந்து மேலயும், இரும்புல ஒட்டின கிரீஸைக் கழுவுற ட்ரைகுளோரோஎத்திலீன் மேலயும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பலமான சந்தேகம் உண்டு. எண்ணூர், திருவொற்றியூர்ல ஒர்க்‌ஷாப் வேலை பார்க்கிறவங்க இதைக் கொஞ்சம் காதுல வாங்கிக்கோங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்தோடது. கறுப்பின மக்களுக்கு பார்கின்சன் குறைவுன்னு ஆஸ்பத்திரிப் பதிவுகளை வெச்சு ரொம்ப நாளா நம்பிட்டு இருந்தாங்க. கொபையா கவுண்டில வீடு வீடாப் போய்ப் பார்த்தா, கறுப்பர், வெள்ளையர் ரெண்டு பேர்கிட்டயும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கண்டுபிடிச்சதுல பத்துக்கு நாலு பேருக்கு, தனக்கு அந்த நோய் இருக்குன்னே அதுவரைக்கும் யாரும் சொல்லலை! நோய் குறைவா இல்ல, டாக்டர்கிட்ட போனவங்கதான் குறைவு.

இப்போ நம்ம தெருவுக்கு வாங்க. வலை பின்னிட்டு இருந்த ஒரு தாத்தாவுக்கு விரல் மெதுவாகுது. சும்மா மடியில வெச்சிருக்கிற கை மட்டும் நடுங்குது. நடக்கும்போது ஒரு கை வீச மாட்டேங்குது. வீட்ல என்ன சொல்வாங்க? "வயசாயிடுச்சு, விடு." அவ்ளோதான், அவர் எந்தக் கணக்குலயும் வரமாட்டார். வாசனை தெரியாமப் போறது, தீராத மலச்சிக்கல், கையெழுத்து பொடிசாகிறது, இதெல்லாம் நடுக்கத்துக்கு முன்னாடியே வரலாம். இதை யாரு நோய்னு நினைக்கிறாங்க?

இதை உறுதிப்படுத்த தனியா ஒரு ரத்த டெஸ்ட் கிடையாது. நரம்பியல் டாக்டர் நடக்கச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்துதான் கண்டுபிடிக்கிறார். முழுசாக் குணப்படுத்த முடியாதுதான். ஆனா லெவோடோபா மாத்திரையால, சட்டை பட்டனை மறுபடி தானே போட ஆரம்பிச்சவங்க நிறைய பேர். ஸ்டான்லி ஆஸ்பத்திரில நரம்பியல் துறை இருக்கு, ராயபுரத்துக்குப் பக்கம்தான். காலையில சீக்கிரமே போயிடுங்க.