நீர்க்கரை மனிதர்கள் – 9: ஆர்தர் காட்டனின் இரண்டு பாதிகள்

சர் ஆர்தர் காட்டன் 1860இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 57. சென்னைக்கு வந்திறங்கிய 1821ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 39 ஆண்டுப் பணிக்காலம். ஓய்வுக்குப் பின் அவர் வாழ்ந்ததும் 39 ஆண்டுகள்தான். முதல் பாதிக்குக் காவிரியிலும் கோதாவரியிலும் கல்லில் எழுந்த சாட்சிகள் உண்டு. இரண்டாம் பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் அந்த மனிதரை முழுமையாகக் காட்டுவது அதுதான்.

காட்டன் 1803 மே 15 அன்று பிறந்தார். பதினோரு ஆண் மக்களில் பத்தாமவர். சகோதரர்களில் சிட்னி படைத்தளபதியானார். ரிச்சர்ட் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியின் தலைவரானார். ஃபிரெடரிக்கும் ஆர்தரைப் போலவே சென்னை மாகாணத்தில் பொறியாளரானார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்காம்ப் ராணுவக் கல்லூரியில் படித்த ஆர்தர், 16 வயதில் சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். பாம்பன் கால்வாயை அளந்தார். முதல் பர்மியப் போரில் களத்தில் நின்றார். அதன்பின் வந்ததுதான் காவிரி.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடம் கூடுதல் சரிவு கொண்டது. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு அதிக நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. காவிரிப் படுகை மணலேறி உயர்ந்தது, தஞ்சையின் கடைமடை வயல்கள் காய்ந்தன. காட்டனின் தீர்வு, கொள்ளிடத்தின் தலைப்பில் ஒரு தடுப்பணை. ஆழம் தெரியாத மணலில் அதை நிறுத்துவது எப்படி என்பதற்கான விடை சென்ற இதழில் விவரிக்கப்பட்ட கல்லணையிலேயே இருந்தது. பெருங்கற்களை மணலில் அமிழவிட்டு, அவை நிலைகொண்டபின் மேலே கட்டிச் சென்ற பழந்தமிழ்க் கொத்தர்களின் முறையை அவர் உற்று நோக்கினார். மணலில் அடித்தளம் போடும் வித்தையைத் தம் தலைமுறைப் பொறியாளர்கள் அவர்களிடமிருந்தே கற்றதாகப் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். ஆளும் இனத்தின் அதிகாரி ஒருவர் அந்தக் காலத்தில் அப்படி எழுதியது சிறிய செய்தியல்ல. முக்கொம்பு மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரையில் கீழணையும் 1836இல் எழுந்தன.

அதே ஆண்டுகளில் செங்குன்றத்திலிருந்து சென்னைக்குச் சாலைக் கற்களைக் கொண்டுவர அவர் அமைத்த இருப்புப்பாதையே இந்தியாவின் முதல் ரயில் பாதையாகக் கருதப்படுகிறது. ரயிலுக்கு எதிராகப் பின்னாளில் வாதாடியவர் அதன் முன்னோடியும் ஆவார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அறியாமையால் எழுந்த எதிர்ப்பு அல்ல அது.

உடல்நலம் குன்றி விடுப்பில் இருந்த காலத்தில், 1841இல், எலிசபெத் லியர்மன்த்தை மணந்தார். மறு ஆண்டு டாஸ்மேனியாவில் மூத்த மகள் பிறந்தாள். அவளுக்கும் எலிசபெத் என்றே பெயர். இந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் தந்தையின் வரலாற்றை எழுதியவர்.

அப்போது கோதாவரிக் கழிமுகம் பஞ்சத்தாலும் புயலாலும் சிதைந்து கிடந்தது. 1821இல் சுமார் 7.38 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1841இல் சுமார் 5.61 லட்சமாகச் சுருங்கியிருந்தது. தவளேசுவரத்தில் அணை கட்டினால் வரி வருவாய் எவ்வளவு பெருகும் என்று கணக்குக் காட்டியே காட்டன் கம்பெனியைச் சம்மதிக்கவைத்தார். கம்பெனியின் காதில் ஏறிய மொழி அது ஒன்றுதான். 1847இல் தொடங்கி 1852இல் பணி முடிந்தது. ஆற்றிடைத் தீவுகளால் நான்கு துண்டுகளாகப் பிரிந்த அந்த அணையின் நீளம் சுமார் மூன்றரை கிலோமீட்டர்.

தாயகம் திரும்பியவருக்கு 1861இல் சர் பட்டம் கிடைத்தது. பின்னாளில் ஜெனரல் என்ற படைநிலையும் வந்தது. குடும்பம் சர்ரே பகுதியில் உள்ள டார்க்கிங் என்னும் ஊரில் நிலைகொண்டது. ஆழ உழுதால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதை அறிய வீட்டுத் தோட்டத்திலேயே கோதுமை விதைத்துச் சோதனை செய்தார். அரபு கற்பவர்களுக்காக ஒரு தொடக்க நூல் எழுதினார். மகள் அந்த ஊரிலேயே உழைப்பாளிகளைக் குடியிலிருந்து மீட்க ஒரு காபி அறை திறந்தார். தந்தையின் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்று அவரிடமும் ஊறியிருந்தது. 1877இல் அட்மிரல் சர் ஜேம்ஸ் ஹோப்பை மணந்த பிறகு அவர் லேடி ஹோப் எனப்பட்டார்.

அந்த ஆண்டுகளில் தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குத் திருப்பினால் வயலுக்கு நீரும் கிடைக்கும், படகில் மிகக் குறைந்த செலவில் தானியமும் செல்லும் என்பது காட்டனின் நெடுநாள் வாதம். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இதில் அவருக்குத் துணை நின்றார். 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று 75 வயதுக் காட்டனை அழைத்து விசாரித்தது. அவர் வாதத்தை ஏற்கவில்லை. எல்லா இடத்திலும் கால்வாய் ரயிலுக்கு ஈடாகியிருக்காது என்பது உண்மை. ஆனால் பஞ்சத்தில் மனிதன் சாவது நீரில்லாமல் பயிர் கருகுவதால்தான் என்ற அவர் அடிப்படைக் கூற்றை அந்தக் குழு உரிய எடையுடன் நோக்கவில்லை.

1899 ஜூலை 24 அன்று டார்க்கிங்கில், தம் 96ஆம் வயதில் காட்டன் காலமானார். அடுத்த ஆண்டே லேடி ஹோப் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. பஞ்சத் தடுப்பு பற்றிய பகுதிகளை வில்லியம் டிக்பி எழுதிச் சேர்த்தார். மகளின் பாசம் சில இடங்களில் கணக்கை மிஞ்சுகிறது. ஆயினும் தோட்டத்து முதியவரையும் பொறியாளரையும் ஒரே ஆளாகக் காட்ட அந்த வீட்டில் வளர்ந்தவரால்தான் முடிந்தது.

தவளேசுவரத்தில் பழைய அணைக்கு மாற்றாக 1982இல் முடிந்த கதவணைக்குக் காட்டனின் பெயரே சூட்டப்பட்டது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. பின்னர் அருகில் புதிய கதவணை கட்டப்பட்டது. அணைக்கரையின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு நீர் போகிறது. அங்கிருந்து குழாய் வழியே சென்னையின் வீடுகளுக்கு வருகிறது.