ஏற்கெனவே நடந்துவிட்ட எதிர்காலம்

கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில், அரிய நூல்களுக்கென்றே தாமஸ் ஃபிஷர் நூலகம் இருக்கிறது. எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டின் கையெழுத்துப் படிகளும் குறிப்புகளும் அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றோடு, 1980களின் நடுவில் அவர் வெட்டிச் சேர்த்த செய்தித்தாள் துண்டுகளும் உண்டு. ருமேனியாவில் கருக்கலைப்புக்கும் கருத்தடைக்கும் தடை. கனடாவில் பிறப்பு விகிதம் குறைகிறதே என்ற கவலை. அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த டெபிட் கார்டுகளால் மனிதர்களின் அந்தரங்கம் என்னாகும் என்ற கேள்வி. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, ஆலைகள் வெளியேற்றும் நச்சுப் பொருள்கள் குறித்து அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்த விசாரணை.

இந்தத் துண்டுகளெல்லாம் சேர்ந்துதான் 1985இல் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' என்ற நாவலாயின. அதில் அமெரிக்க அரசு கவிழ்க்கப்பட்டு, கிலியட் என்ற மதவாத ஆட்சி அமைகிறது. சுற்றுச்சூழல் நஞ்சாகிவிட்டதால் குழந்தைப்பேறு அரிதாகிறது. கருத்தரிக்கக்கூடிய பெண்களை அரசு பிடித்து, உயர் அதிகாரிகளின் வீடுகளுக்குப் பிள்ளை பெற்றுத்தர ஒதுக்கிவிடுகிறது. பெண்கள் எழுதக்கூடாது, படிக்கக்கூடாது. வேலையும் வங்கிக் கணக்கும் ஒரே நாளில் பறிபோகின்றன.

இப்படிச் சீரழிந்துபோன ஒரு சமூகத்தைக் கற்பனையில் எழுப்பிக் காட்டும் கதைகளைத்தான் டிஸ்டோபியா என்கிறார்கள். இவற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "அன்றைக்கே எப்படிக் கணித்தார்!" என்று வியப்பது வழக்கம். உண்மையில் அட்வுட் எதையும் கணிக்கவில்லை. உலகத்தில் எங்கோ, எப்போதோ மனிதர்கள் ஏற்கெனவே செய்யாத எதையும் இந்த நாவலில் எழுதுவதில்லை என்று அவர் தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். 1984இல் மேற்கு பெர்லினில், சுவரால் சூழப்பட்ட அந்த நகரத்தில், வாடகைக்கு எடுத்த ஜெர்மன் தட்டச்சு இயந்திரத்தில் எழுதத் தொடங்கினார். கிழக்கு ஜெர்மனிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் போய் வந்தார். பேச்சின் நடுவே மனிதர்கள் சட்டென்று வாய்மூடிக்கொள்வதை அங்கே கவனித்தார். அந்த மௌனம் நாவல் முழுக்கப் பரவியிருக்கிறது.

ருமேனியச் செய்தியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 1966 அக்டோபரில் நிக்கொலாய் சௌசெஸ்குவின் அரசு 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. மக்கள்தொகை பெருகினால்தான் நாடு வலுப்பெறும் என்பது அவர் எண்ணம். நான்கு பிள்ளை பெற்றவர்கள், 45 வயதைத் தாண்டியவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. மற்றவர்கள் கருவைக் கலைப்பது குற்றம். பிள்ளை இல்லாதவர்கள் மீது வரி. பிற்பாடு தொழிற்சாலைகளுக்கே மருத்துவர்கள் வந்து, பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா என்று பரிசோதிக்கும் நிலை வந்தது. 1966இல் சுமார் 2.7 லட்சமாக இருந்த பிறப்பு எண்ணிக்கை, மறு ஆண்டே ஐந்து லட்சத்தைத் தாண்டியது. திருட்டுத்தனமாகச் செய்துகொண்ட கருக்கலைப்புகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்து, சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்ட உடனேயே புதிய அரசு நீக்கிய சட்டங்களில் இதுவும் ஒன்று. ஆக, அட்வுட் எழுதிக்கொண்டிருந்தபோது கிலியட் ஐரோப்பாவில் இயங்கிக்கொண்டிருந்தது.

கைதிகளின் பச்சைக் குழந்தைகளைப் பறித்துத் தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்த அர்ஜென்டினா ராணுவ ஆட்சியும் அவர் மனத்தில் இருந்தது. வங்கிக் கணக்கு பறிபோகும் காட்சிக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. கணவனின் கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்குக் கடன் தர மறுக்கும் உரிமை, அமெரிக்க வங்கிகளுக்கு 1974 வரை இருந்தது. நாவல் வெளிவந்தபோது அந்தக் காலம் முடிந்து பதினோரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலும் இதே வழியில் உருவானதுதான். 1949இல் வெளிவந்த அந்த நூலை, ஸ்டாலினின் ரஷ்யாவைப் பற்றியது என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஆர்வெல், 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்திய நேயர்களுக்கான ஒலிபரப்பில் வேலை பார்த்தார். போர்க்காலம். ஒவ்வொரு உரையும் தணிக்கையாளர் கண்ணில் பட்டுத்தான் காற்றில் ஏறும். அவர் மனைவி ஐலீன், பிரிட்டிஷ் அரசின் தணிக்கைத் துறையிலேயே பணியாற்றியவர். நாவலில் பழைய செய்திகளைத் திருத்தி எழுதும் 'உண்மை அமைச்சகம்' வருகிறது. அதைத் தீட்ட ஆர்வெல் மாஸ்கோவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. சொந்த நாட்டின் அலுவலகங்களையே அவர் உள்ளிருந்து பார்த்தவர். அந்த நூல் இன்னும் சாகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2013இல் அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியக் கண்காணிப்பை எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தியபோது அதன் விற்பனை எகிறியது. 2017 ஜனவரியில், அதிபர் டிரம்பின் ஆலோசகர் ஒருவர் 'மாற்று உண்மைகள்' என்று தொலைக்காட்சியில் பேசிய சில நாட்களில், அமேசானின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே வந்தது.

எங்கோ ஒருவருக்கு நடந்துவிட்ட கொடுமையை எடுத்து, தனக்கு அது நடக்காது என்று நம்பியிருக்கும் வாசகரின் வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதுதான் இந்த வகை எழுத்தின் அடிப்படைச் செயல்பாடு. அதன் பலம் அதில்தான் இருக்கிறது. அதன் குறையும் அங்கேயேதான் இருக்கிறது.

பெண்கள் படிக்கக்கூடாது என்ற கிலியட்டின் தடையை எடுத்துக்கொள்வோம். அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தென் கரோலினா 1740லேயே குற்றமாக்கியிருந்தது. அடிமைப் பெண்களின் கருப்பை முதலாளியின் சொத்தாக இருந்தது. பெற்ற பிள்ளைகள் தாயின் கண்ணெதிரே விற்கப்பட்டார்கள். கிலியட்டின் பெண்கள் படும் பாட்டில் பாதிக்கு மேல், அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் அதே மண்ணில் பட்டது. நாவலிலோ கறுப்பின மக்கள் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள் என்று ஒரு தொலைக்காட்சிச் செய்தியாக மட்டும் சொல்லப்பட்டு, கதை வெள்ளைப் பெண்ணின் வழியே நகர்கிறது. வெள்ளையருக்கு நேர்ந்தால்தான் அது எதிர்காலப் பயங்கரமா, மற்றவர்களுக்கு நேர்ந்தது வெறும் வரலாறா என்று கறுப்பின வாசகர்களும் விமர்சகர்களும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அட்வுட்டின் நாவலைப் போற்றுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோக முடியாது.

இந்தக் கேள்விக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில்களில் ஒன்று ஆக்டேவியா பட்லரின் எழுத்து. வீட்டு வேலை செய்து பிழைத்த கறுப்பினத் தாயின் மகள். கலிஃபோர்னியாவின் பசடேனாவில் 1947இல் பிறந்தவர். 1993இல் அவர் எழுதிய 'பாரபிள் ஆஃப் தி சோவர்' நாவலின் கதை 2024இல் தொடங்குகிறது. மழை பொய்த்துவிட்டது. தண்ணீர் பெட்ரோலைவிட விலை கூடிவிட்டது. வசதி உள்ளவர்கள் சுவர் எழுப்பி உள்ளே இருக்கிறார்கள், இல்லாதவர்கள் தெருவில். கம்பெனிகள் ஊர்களையே விலைக்கு வாங்கி, கடன் என்ற கயிற்றால் தொழிலாளர்களைக் கட்டிப்போடுகின்றன. லாரன் என்ற பதின்வயதுக் கறுப்பினப் பெண், எரிந்துபோன தன் குடியிருப்பை விட்டு வடக்கே நடக்கிறாள்.

பட்லரும் செய்தித்தாள்களை ஊன்றிப் படித்துக் குறிப்பெடுத்தவர்தான். நான் எந்தப் பிரச்சினையையும் புதிதாக உண்டாக்கவில்லை, இன்று கவனிக்காமல் விட்டிருப்பவற்றுக்கு முப்பது ஆண்டு வளர அவகாசம் கொடுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான் என்ற பொருளில் அவர் விளக்கியிருக்கிறார். 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில், அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம் என்று முழங்கியபடி மதவெறியர் ஒருவர் அதிபர் தேர்தலில் நிற்கிறார். அந்த முழக்கமும் பட்லரின் கற்பனையில் பிறந்ததல்ல. 1980 தேர்தலில் ரொனால்ட் ரீகன் பயன்படுத்தியது. 2006இல் மறைந்த பட்லரின் 1993 நாவல், 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், நியூயார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலில் ஏறியது. 2025 ஜனவரியில் தெற்குக் கலிஃபோர்னியாவில் பரவிய காட்டுத்தீ, அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஆல்ட்டடீனா என்ற ஊரின் பெரும் பகுதியை எரித்துச் சாம்பலாக்கியது.

சில சமயம் இந்தக் கதைகள் புத்தகத்தை விட்டிறங்கித் தெருவுக்கு வந்துவிடுகின்றன. ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, மறுபக்கம் இராக் போர்க் காட்சிகள் என்று தொலைக்காட்சியில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில் சூசன் காலின்ஸுக்குத் தோன்றிய கதை 'தி ஹங்கர் கேம்ஸ்'. 2008இல் வந்த அந்த நாவலில், அடக்கப்பட்ட மக்கள் மூன்று விரல்களை உயர்த்தி ஒருவருக்கொருவர் மரியாதை செலுத்துவார்கள். 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இளைஞர்கள் அந்த மூன்று விரல்களை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தார்கள். ராணுவம் அதைத் தடை செய்தது. பாங்காக்கில் பொது இடத்தில் '1984' நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஓர் எதிர்ப்பாளரும் கைது செய்யப்பட்டார். 2021இல் மியான்மரில் ராணுவப் புரட்சி நடந்தபோது, அதே மூன்று விரல்கள் யாங்கோன் தெருக்களில் உயர்ந்தன. கிலியட் பெண்களின் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தலையணியும் 2017 மார்ச்சில் டெக்சாஸ் செனட்டின் பார்வையாளர் மாடத்தில் தோன்றி, பிறகு அர்ஜென்டினா, அயர்லாந்து, போலந்து என்று பரவின. கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று ரத்து செய்ததை அந்த அங்கிகள் தடுத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயம் வியாபாரமாகிறபோது கதை நீர்த்துப் போகிறது. 'ஹங்கர் கேம்ஸ்' வெற்றிக்குப் பின் அதே அச்சில் வார்த்த நாவல்கள் வரிசை கட்டின. கொடுங்கோல் அரசு, வீர நாயகி, அவளுக்கு இரண்டு காதலர்கள். 'டைவர்ஜென்ட்' திரைப்பட வரிசையின் மூன்றாம் படம் 2016இல் வசூலில் படுத்தபின், கடைசிப் படம் எடுக்கப்படவே இல்லை. எந்த நாட்டின் எந்த அநீதியிலும் வேர்விடாத கொடுங்கோன்மை, வெறும் செட் அலங்காரமாகிவிடும்.

வேர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழிலேயே உதாரணம் உண்டு. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் பலரும் ஜீனோ என்ற ரோபாட் நாய்க்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அது ஒரு சர்வாதிகாரத்தின் கதை. மக்களின் பெயர்கள் இரண்டெழுத்துக்குச் சுருக்கப்பட்டுவிட்டன. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். எல்லோரும் வணங்கும் தலைவர் ஜீவா, வெறும் ஒளிப்பிம்பம். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவற்றில் கட்டாயப்படுத்திச் செய்தவை ஏராளம். அதைப் பார்த்த ஒரு தலைமுறை, பிள்ளை பெற அனுமதி கேட்கும் காட்சியை வெறும் விஞ்ஞான விளையாட்டாகப் படித்திருக்க முடியாது.

2017இல் பிரயாக் அக்பர் ஆங்கிலத்தில் எழுதிய 'லைலா' நாவலில், சமூகத்துக்கொரு சுவர் எழுப்பிப் பிரிக்கப்பட்ட இந்திய நகரம் வருகிறது. கலப்பு மணம் செய்த தாய், பறித்துச் செல்லப்பட்ட மகளைத் தேடுகிறாள். தீபா மேத்தா உள்ளிட்டோர் இயக்கி 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்தபோது, மிகைப்படுத்தல் என்று பலர் குறைப்பட்டார்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து 1989இல் ஒரு சுவர் எழுந்தது. அதன் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் வரை ஆனது. அக்பரின் நகரத்தை மிகை என்று சொல்கிறவர்கள் உத்தப்புரத்துக்கு ஒருமுறை போய்வரலாம்.

2023ஆம் ஆண்டின் புக்கர் பரிசு, அயர்லாந்து எழுத்தாளர் பால் லின்ச்சின் 'ப்ராஃபெட் சாங்' நாவலுக்குப் போனது. டப்ளினில் தொழிற்சங்கவாதியான கணவனை ரகசியப் போலீஸ் கூட்டிச் செல்கிறது, அவன் திரும்புவதில்லை. நான்கு பிள்ளைகளோடு மனைவி அலைகிறாள். உள்நாட்டுப் போர் மூள்கிறது. மூத்த மகன் காணாமல் போகிறான். கடைசியில் கடல்தான் வழி என்றாகிறது. சிரியாவின் அழிவையும், அங்கிருந்து தப்பி வந்தவர்களிடம் மேற்குலகம் காட்டிய அலட்சியத்தையும் பார்த்தே இதை எழுதியதாக லின்ச் சொல்லியிருக்கிறார்.

ஐரோப்பிய வாசகருக்கு இது அச்சமூட்டும் கற்பனை. இலங்கையின் வன்னியிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தாய் இந்தக் கதையைக் கேட்டால், எந்த இடத்தில் கற்பனை இருக்கிறது என்று கேட்பார். இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளையும் கணவர்களையும் பற்றிப் பதில் கேட்டு, 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் குடும்பங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கின. ஆயிரக்கணக்கான நாட்கள் கடந்தும் உரிய பதில் வரவில்லை. பிள்ளைகளைத் தேடியபடியே பல பெற்றோர் இறந்துபோனார்கள்.

அட்வுட்டுக்குச் செய்தித் துண்டுகள் வேண்டியிருந்தன. தமிழில் எழுதுகிறவர்களுக்குச் சாட்சிகளே உயிரோடு இருக்கிறார்கள். உத்தப்புரத்திலும் கிளிநொச்சியிலும் நடந்ததை, அது தங்களுக்கு நடக்காது என்று நம்புகிறவர்களின் வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கும் நாவல்கள் தமிழில் இன்னும் நிறைய வேண்டும். இளம் எழுத்தாளர்கள் அதற்குத் துணிய வேண்டும். பதிப்பகங்கள் அவர்களுக்கு இடம் தர வேண்டும்.