விமானம் எழுதும் நாட்குறிப்பு



வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானங்களை உங்களில் சிலர் திடலில் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு கருவியைப் பிடித்தபடி ஒருவர் கீழே நிற்பார். அவர் விரல் அசைந்தால் மேலே விமானம் திரும்பும். இரண்டுக்கும் இடையே கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. இந்தப் பேச்சை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் அலையின் இனத்தைச் சேர்ந்த அலைதான் அந்த ஆணையையும் சுமந்து செல்கிறது.

அப்படிப் பறக்கும் விமானம் திடீரெனத் தலைகுப்புற விழுந்துவிட்டால் என்ன நடக்கிறது? 'ஓட்டத் தெரியாதவர்' என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். 'காற்று அடித்துவிட்டது' என்று ஓட்டியவர் சொல்வார். இரண்டுமே ஊகம்தான். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பொருள் ஆள் தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே காரணம் தெரியாமல் மறுபடியும் பறக்கவிடுவது தகாது. அந்தக் காரணத்தைச் சொல்லும் சாட்சிதான் பறப்புப் பதிவு.

இந்த எண்ணம் பெரிய விமானங்களிலிருந்து வந்தது. 1950களில் காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து விபத்துக்குள்ளாயின. காரணம் தேடியவர்களுள் ஒருவர், ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகர ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய டேவிட் வாரன். விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் விமானமே பதிவு செய்துகொண்டால், விபத்துக்குப் பின் அதைக் கேட்டு உண்மை அறியலாமே என்று அவர் 1954இல் எழுதினார். பிறகு ஒரு மாதிரிக் கருவியும் செய்து காட்டினார். மெல்லிய எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சை அது பதித்தது. இன்று 'கறுப்புப் பெட்டி' என்று நாம் கூறுவது அந்த வழியில் வந்ததே.

மாதிரி விமானத்தில் அந்த வேலையைத் தீப்பெட்டி அளவுள்ள மின்னணுப் பலகை ஒன்று செய்கிறது. பேட்டரியின் வோல்ட், மோட்டாரின் வேகம், விமானத்தின் சாய்வு, உயரம், அதிர்வு ஆகியவற்றைச் சிறிய மெமரி கார்டில் அது எழுதி வைக்கிறது. ஆனால் எழுதினால் மட்டும் போதாது. எப்படி எழுதுகிறது என்பதில்தான் பயன் இருக்கிறது. இதில் மூன்று செய்திகளை நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எத்தனை தடவை எழுதுவது என்பது. வீட்டில் அரிசி மூட்டையை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். அடுப்பில் இருக்கும் பாலையோ கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேகம் உண்டு.

மூன்று அறை கொண்ட லித்தியம் பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். பழைய பேட்டரியோடு ஒரு விமானம் செங்குத்தாக ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் முழு விசையில் இழுக்கும்போது வோல்ட் 11.4இலிருந்து 9க்குக் கால் விநாடி நேரம் இறங்குகிறது. பேட்டரியைக் காக்க வேண்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை நிறுத்திவிடுகிறது. விமானம் வேகம் இழந்து விழுகிறது. விசை நின்றதும் வோல்ட் மீண்டும் ஏறிவிடும். விநாடிக்கு ஒரு முறை எழுதும் பதிவில் 11.4, 11.3 என்றுதான் இருக்கக்கூடும். பேட்டரி நல்லது, ஆள்தான் சரியில்லை என்று தீர்ப்பாகிவிடும். விநாடிக்குப் பத்து முறை எழுதியிருந்தால் அந்தப் பள்ளம் தெளிவாகத் தெரியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் விநாடிக்கு ஆயிரம் முறை எழுதலாமா? கூடாது. கார்டு எழுதும் வேகத்தை மீறினால் பதிவில் இடையிடையே ஓட்டை விழும். விநாடிக்கு ஐந்து முறை மட்டுமே இடம் சொல்லும் செயற்கைக்கோள் கருவியை ஐம்பது முறை எழுதுவதால் பயனில்லை. அதிர்வு வேறு வகை. நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றும் விசிறி விநாடிக்கு 100 முறை அதிரச் செய்யும். அதைக் காண வேண்டுமானால் இருமடங்குக்கும் மேல், அதாவது விநாடிக்கு 200 முறைக்கும் அதிகமாக எழுத வேண்டும்.

இரண்டாவது, ஆணையையும் செயலையும் ஒரே கடிகாரத்தின்படி அருகருகே எழுதுவது. ஓட்டியவர் 'மூக்கைத் தூக்கு' என்றார். அந்த ஆணை விமானத்தை அடைந்ததா? அடைந்த பின் மூக்கு தூக்கியதா? மூன்றும் பதிவில் இருந்தால், ஆணையே தவறா, ஆணை வந்து சேரவில்லையா, வந்தும் விமானம் கேட்கவில்லையா என்று பிரித்தறியலாம். நேரம் ஒத்துப்போகாவிட்டால் எது முன், எது பின் என்று தெரியாமல் வழக்கு குழம்பிவிடும்.

மூன்றாவது, கடைசி நொடியைக் காப்பது. பலகை செய்தியை முதலில் தற்காலிக நினைவில் சேர்த்து, பிறகுதான் கார்டில் எழுதுகிறது. விழுந்த அதிர்ச்சியில் மின்சாரம் அறுந்தால், சேர்த்து வைத்தது அழிந்துவிடும். நமக்கு மிகவும் தேவையானதும் அதுவே. ஆகவே சிறிது சிறிதாக, அடிக்கடி எழுதும்படி அமைக்க வேண்டும். நல்ல வேகமுள்ள கார்டு போட வேண்டும். விழுந்த விமானத்தைச் சீர்செய்யத் தொடங்கும் முன் பதிவைப் படியெடுத்து வைக்க வேண்டும்.

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பார்கள். விழுந்த நாளின் பதிவை மட்டும் பாராமல் பழைய பதிவுகளையும் ஒப்பிட்டால் அந்த மணியோசை கேட்கும். முழு விசையில் முன்பு 11 வோல்ட் இருந்தது, பிறகு 10.4, பிறகு 10 என்று இறங்கி வந்திருக்கும். அப்போதே பேட்டரியை மாற்றியிருந்தால் விமானம் விழுந்திராது. ஒவ்வொரு பறப்புக்கும் எந்தப் பேட்டரி, எந்த விசிறி, காற்று எப்படி என்று ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்தால், இயந்திரம் அறியாததையும் நாம் அறிவோம்.

இது பணக்காரர் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். செம்பனைத் தோட்டங்களில் மருந்து தெளிக்கவும் மரங்களைக் கணக்கெடுக்கவும் ஆளில்லா விமானங்கள் வந்துவிட்டன. அவற்றினுள்ளும் இத்தகைய பலகையும் பதிவும் உண்டு. அவை பறக்கும் இடத்துக்குக் கீழே வேலை செய்வோர் நம்மவர்கள். இயக்குவோராகவும் நம் பிள்ளைகள் வரலாம். ஒன்று பழுதாகி விழுந்தால், முதல் பழி கருவியைக் கையில் வைத்திருந்த தொழிலாளியின் மேல்தான் விழும். பதிவைப் படிக்கத் தெரிந்த மகனோ மகளோ அப்போது 'பதிவைப் பார்ப்போம்' என்று சொல்லலாம். தவறு தம்முடையது என்றால் திருத்திக்கொள்ளலாம். இயந்திரத்தினுடையது என்றால் எடுத்துக்காட்டலாம்.

பள்ளியில் படிக்கும் வரைபடமும் தசமக் கணக்கும் இதற்குப் போதிய தொடக்கம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி ஊக்குவிப்போம்.