முதற் கோணல் முற்றும் கோணலா?



‘முதற் கோணல் முற்றும் கோணல்’ என்பது நம் முன்னோர் வாக்கு. சுவர் எழுப்புவோர்க்கு இஃது ஏற்ற அறிவுரையே. அடிவரிசைக் கல் சாய்ந்தால் மேல்வரிசையும் சாயும். ஆனால், ஒரு கால்பந்துக் குழுவின் ஆட்டப் பருவத்துக்கும் இப்பழமொழி பொருந்துமா? தன் குழு தொடக்கத்திலேயே அடுக்கடுக்காகத் தோற்கும்போது, அதன்மீது பற்றுக் கொண்ட இரசிகன் அதன் நிலையை எவ்வாறு மதிப்பிட வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேட, இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை இன்று ஆராய்வோம்.

இலண்டன் மாநகரின் தென்பகுதியில் செல்ஹர்ஸ்ட் பார்க் என்னும் ஆட்டத் திடல் உள்ளது. அது கிரிஸ்டல் பேலஸ் கழகத்தின் சொந்தத் திடல். 1851ஆம் ஆண்டின் பெரும் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்ட கண்ணாடி மாளிகையின் பெயரையே அக்கழகம் தாங்கியிருக்கிறது. மாளிகை 1936இல் தீக்கு இரையாயிற்று. பெயர் மட்டும் கழகத்தின் வாயிலாக வாழ்கிறது. அந்தக் கழகமும் ஒருமுறை அழிவின் விளிம்பு வரை சென்று மீண்டதுதான். 2010இல் கடன் சுமையால் அது மூடப்படும் நிலை எய்தியது. இரசிகர்கள் வங்கியின் தலைமையகத்தின் முன் திரண்டு நின்றனர். கழகத்தின்மீது பற்றுக் கொண்ட செல்வர் சிலர் ஒன்றுகூடி அதனை வாங்கிக் காத்தனர். இதனை ஏன் சொல்கிறேன் என்றால், அத்திடலில் அமர்ந்திருப்போர்க்குத் தோல்வி என்பது ஒருநாள் வருத்தம் மட்டும் அன்று. பெரும் பிரிவிலிருந்து இறங்கினால் வருவாய் சுருங்கும், கழகமே தள்ளாடும். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு.

ஆட்டமுறையைச் சிறிது விளக்கிவிடுகிறேன். பிரீமியர் லீக் என்னும் பெரும் பிரிவில் 20 குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவும் மற்ற 19 குழுக்களோடும் சொந்தத் திடலில் ஒருமுறையும் வெளித் திடலில் ஒருமுறையும் மோதும். ஆக, மொத்தம் 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி. சமநிலைக்கு 1 புள்ளி. தோல்விக்கு ஒன்றும் இல்லை. இறுதியில் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் குழுக்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும்.

2017 ஆகஸ்டு 12ஆம் நாள் பேலஸ் குழு தன் பருவத்தைத் தொடங்கிற்று. எதிரே நின்றது, புதிதாக மேற்பிரிவுக்கு ஏறிவந்த ஹடர்ஸ்பீல்டு. அந்தப் புதிய குழு 3 கோல்களில் வென்றது. அடுத்து லிவர்பூலிடம் ஒரு கோலில் தோல்வி. சுவான்சியிடம் இரண்டு கோல்களில் தோல்வி. பர்ன்லியிடம் மீண்டும் ஒரு கோலில் தோல்வி. நான்கு லீக் ஆட்டங்கள் முடிந்தவுடனே, பொறுப்பேற்று 77 நாட்களே ஆகியிருந்த பயிற்சியாளர் பிராங்க் டி போயர் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர், இங்கிலாந்து தேசியக் குழுவின் முன்னாள் பயிற்சியாளரான எழுபது வயது ராய் ஹாட்ஜ்சன். அவர் வந்தும் சவுதாம்ப்டனிடம் ஒரு கோல், மான்செஸ்டர் சிட்டியிடம் ஐந்து கோல், மான்செஸ்டர் யுனைடெட்டிடம் நான்கு கோல் என்று தோல்விகள் தொடர்ந்தன. ஏழு ஆட்டங்கள், ஏழு தோல்விகள். வாங்கிய கோல்கள் 17. அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தின் மேற்பிரிவு வரலாற்றில் எந்தக் குழுவும் அதற்கு முன் இவ்வாறு தொடங்கியதில்லை.

இத்தகைய வேளையில் இரசிகர் கூட்டம் இரண்டாகப் பிரிவது இயல்பு. ‘எல்லாம் முடிந்தது’ என்பார் ஒரு சாரார். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பார் மற்றொரு சாரார். இருவருமே ஆராயாமல் பேசுகின்றனர். முன்னவரை நடத்துவது அச்சம். பின்னவரை நடத்துவது ஆசை. ஆராய விரும்புபவன் மூன்று வினாக்களை எழுப்புவான்.

முதல் வினா: யாரிடம் தோற்றோம்? ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். அது ஏன் உண்மையாகிறது? ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஆகவே ஒரு சோறு மற்றச் சோற்றுக்கெல்லாம் சான்றாகிறது. ஆட்டங்கள் அப்படி அல்ல. ஒவ்வொன்றிலும் எதிரி வேறு; திடலும் வேறு. பேலஸ் குழு வெளித் திடல்களில் தோற்ற நான்கு குழுக்களும் அப்பருவத்தின் முடிவில் முறையே 1, 2, 4, 7ஆம் இடங்களைப் பெற்றவை. அத்தோல்விகளைக் கண்டு பெரிதும் கலங்க வேண்டியதில்லை. ஆனால், சொந்தத் திடலில் தோற்ற மூன்று ஆட்டங்களின் கதை வேறு. அங்கே வென்று சென்ற குழுக்கள் முடிவில் 16, 17, 18ஆம் இடங்களில் நின்றவை. கவலைப்பட வேண்டியது இந்த மூன்றைப் பற்றியே. ஏழையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

இரண்டாம் வினா: எவ்வாறு தோற்றோம்? கால்பந்தில் கோல் என்பது அரிய பொருள். கிரிக்கெட்டில் நூற்றுக்கணக்கில் ஓட்டங்கள் சேர்வதால், ஒரு பிழையை மற்றொரு நல்லாட்டம் ஈடு செய்துவிடும். கால்பந்திலோ தொண்ணூறு நிமிடமும் ஒரே கோலில் முடிந்துவிடுவதுண்டு. பேலஸின் ஏழு தோல்விகளில் மூன்று, ஒரே ஒரு கோலால் நேர்ந்தவை. பர்ன்லியில் நடந்த ஆட்டத்தில், தம் ஆட்டக்காரர் ஒருவர் பின்னோக்கித் தள்ளிய பந்தை எதிரி பறித்து, தொடக்க நிமிடங்களிலேயே கோலாக்கினார். அந்த ஒரு நொடிதான் முடிவைத் தீர்மானித்தது. இத்தகைய தோல்வியும் ஐந்து கோல் தோல்வியும் புள்ளிக் கணக்கில் ஒன்றே. அறிவுக் கணக்கில் ஒன்றல்ல.

மூன்றாம் வினா: யார் இல்லாமல் தோற்றோம்? குழுவின் சிறந்த தாக்காட்டக்காரரான வில்பிரட் சாகா முதல் ஆட்டத்திலேயே காயமுற்றார். அடுத்த ஆறு ஆட்டங்களில் அவர் இல்லை. கோல் இல்லாத குறைக்கு இதுவும் ஒரு காரணம் அன்றோ?

அக்டோபர் 14ஆம் நாள் செல்சி குழு செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு வந்தது. முந்திய பருவத்தின் வெற்றிக் கோப்பையைக் கையில் வைத்திருந்த குழு அது. பேலஸின் முதல் கோலைப் போட்டதே செல்சி ஆட்டக்காரர்தான். அவர்மீது பட்ட பந்து அவருடைய வலைக்குள்ளேயே புகுந்தது. செல்சி அதனைச் சமன் செய்தது. பின்னர், காயம் ஆறித் திரும்பிய சாகா இரண்டாம் கோலை அடித்தார். பேலஸ் 2-1 என்று வென்றது. ஆண்டின் கடைசி நாளில், தொடர்ந்து 18 லீக் ஆட்டங்களில் வென்று வந்த மான்செஸ்டர் சிட்டியை அதே திடலில் கோல் இன்றிச் சமநிலையில் நிறுத்திற்று. செப்டம்பரில் ஐந்து கோல் அடித்த குழுவும் இதுவே! பருவம் முடிந்தபோது பேலஸ் 44 புள்ளிகளோடு 11ஆம் இடத்தில் நின்றது. பின்னைய 31 ஆட்டங்களில் 11 வெற்றி, 11 சமநிலை, 9 தோல்வி.

‘பயிற்சியாளரை மாற்றியதால் வந்த பயன் இது’ என்று சொல்லிவிடலாமா? அவசரம் வேண்டா. புதியவரும் தம் முதல் மூன்று ஆட்டங்களில் கோலே இன்றித் தோற்றவர்தான். முன்னவரை அளந்த கோலால் இவரையும் அளந்திருந்தால், அக்டோபரில் மூன்றாமவர் வந்திருப்பார். மேலும், பயிற்சியாளர் மாற்றமும், சாகாவின் வருகையும், எளிய எதிரிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சேர்ந்தன. மூன்று மருந்தை ஒருங்கே உண்டு குணமானவன், எது குணமாக்கிற்று என்று துணிந்து கூற இயலுமா?

மறுபக்கத்தையும் மறவாமல் பார்க்க வேண்டும். தொடக்கத் தோல்வி எப்போதும் பொய்த்தோற்றம் அன்று. 1930-31 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் முதல் 12 ஆட்டங்களிலும் தோற்றது. கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. 2009இல் போர்ட்ஸ்மவுத் கழகம் முதல் ஏழு ஆட்டங்களையும் இழந்தது. அதன் நோய் திடலில் மட்டும் அன்று, கருவூலத்திலும் இருந்தது. கடனால் 9 புள்ளிகள் பறிக்கப்பட்டு அதுவும் இறங்கியது. நல்ல தொடக்கமும் காப்பாகிவிடாது. பேலஸ் தத்தளித்த அதே 2017இல், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் முதல் மூன்று ஆட்டங்களில் 7 புள்ளி பெற்று மகிழ்ந்தது. பின்பு தொடர்ந்து 19 லீக் ஆட்டங்களில் வெற்றியே காணாமல், பட்டியலின் அடியில் முடித்தது.

ஆகவே, நண்பர்களே, தொடக்கம் ஒரு சான்று, தீர்ப்பு அன்று. சான்றை விசாரிக்க வேண்டும். யாரிடம், எவ்வாறு, எந்நிலையில் என்று கேட்க வேண்டும். குறை எங்கே இருக்கிறதோ அங்கே அதனைக் கூசாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாத இடத்தில் கற்பிக்கவும் கூடாது. முதல் பருவத் தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவனும் தன் விடைத்தாளை இவ்வாறே விரித்துப் பார்க்கலாம். எவ்வளவு குறைந்தது என்பதை மொத்த எண் காட்டும். எங்கே குறைந்தது என்பதை விடைத்தாள்தான் காட்டும்.

ஏழு தோல்விகளுக்குப் பின்னும் அந்த அக்டோபர் நாளில் தென் இலண்டன் மக்கள் தம் திடலுக்கு வந்து அமர்ந்தார்கள். அன்று அவர்கள் கண்ட முதல் கோல் எதிரியின் காலிலிருந்து வந்தது. அதைக் காண்பதற்கும் அவர்கள் அங்கே வந்திருக்க வேண்டியிருந்தது.