இசைக்குள் மறைந்த ஒரு சொல்

மும்பைப் புறநகரில் நான் பணியாற்றிய கிளையில், சில ஆண்டுகளுக்கு முன், இணைய மோசடி குறித்த விழிப்புணர்வுக் காணொளி ஒன்றை வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் கூடத்தில் ஒளிபரப்பினோம். இரண்டே நிமிடப் படம். அதைத் தயாரித்த சிறு குழுவில் நானும் இருந்தேன். பின்னணியில் சிதாரும் தபலாவும் ஒலித்தால் படம் களை கட்டும் என்று யோசனை கூறியவனும் நானே.

ஓய்வூதியம் பெற மாதந்தோறும் வரும் முதியவர் ஒருவர், அந்தப் படத்தை மூன்று முறை பொறுமையாகப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“சாகேப், ஓடிபி எண்ணை வங்கி அதிகாரியிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?”

“கூடவே கூடாது, காகா. எவரிடமும் சொல்லக் கூடாது.”

“உங்கள் படத்தில் சொல்லச் சொல்கிறார்களே!”

திகைத்துப் போனேன். அவரை அருகில் அமர்த்திக்கொண்டு படத்தை மீண்டும் ஓடவிட்டேன். அதில் வரும் இந்தி வாக்கியம் இது: “பேங்க் அதிகாரி கோ பீ ஓடிபி மத் பதாயியே.” வங்கி அதிகாரிக்குக்கூட ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்பது பொருள். ‘மத்’ என்ற ஓரசைச் சொல் ஒலிக்கும் அதே கணத்தில் தபலாவின் ஓங்கிய அடி ஒன்று விழுந்தது. அச்சொல்லை நீக்கிவிட்டால் எஞ்சுவது, வங்கி அதிகாரிக்கும் ஓடிபியைச் சொல்லுங்கள் என்னும் வாக்கியம்! தமிழில் எதிர்மறை வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இந்தியில் அது தனித்து நிற்கும் சிறு சொல். அதை விழுங்க ஒரு தாள அடி போதுமானதாக இருந்தது.

எனக்குத் தெளிவாகக் கேட்ட சொல் அவருக்கு ஏன் கேட்கவில்லை? பேச்சையும் இசையும் கலந்த ஒலியில் இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? நான் ஒலிப் பொறியியல் பயின்றவன் அல்லன், வணிகவியல் பட்டதாரி. ஆயினும் அந்த வினா என்னை விடவில்லை. தேடிப் படித்ததில், கணினிகளுக்கு இதே வேலையைக் கற்பிக்க ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக முயன்று வந்திருப்பதை அறிந்தேன். அவர்கள் கண்டறிந்தவற்றிலேயே முதியவரின் வினாவுக்கும் விடை இருந்தது.

எண்களாக மாறும் ஒலி

காணொளியின் ஒலித்தடம் கணினிக்கு நீண்டதோர் எண் வரிசை மட்டுமே. காணொளிகளில் பொதுவாக ஒரு நொடிக்கு 48,000 எண்கள் பதிவாகின்றன. பேச்சை மட்டும் ஆராய 16,000 போதும். அந்த வரிசையைக் கணினி 25 மில்லிநொடி அளவிலான சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. நொடிக்கு 16,000 என்ற கணக்கில் ஒரு துண்டில் 400 எண்கள் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒலியின் வலிமை எவ்வளவு, தாழ்ந்த அதிர்வெண்கள் மிகுதியா, உயர்ந்தவை மிகுதியா என்று கணக்கிடப்படுகிறது. பேரேட்டின் பதிவுகளைப் பத்தி பத்தியாகக் கூட்டிச் சரிபார்க்கும் நம் பணிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இடைவெளியே அடையாளம்

பேச்சைக் காட்டிக்கொடுப்பது எது? அதன் இடைவெளிகளே. மனிதர் பேசும்போது ஒரு நொடிக்கு ஏறத்தாழ நான்கு அசைகள் வெளிப்படுகின்றன. ஒவ்வோர் அசையிலும் குரல் எழுந்து தணிகிறது. மெய்யெழுத்தில் வாய் மூடுகிறது, உயிரொலியில் திறக்கிறது, சொற்றொடர் முடிவில் மூச்சு வாங்குகிறது. ஆகவே பேச்சில் ஒலி மெலிந்த துண்டுகள் அடிக்கடி வருகின்றன. இசையிலோ சுருதியும் நரம்பின் அதிர்வும் தொடர்ந்து ஒலித்து அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடுகின்றன.

இரண்டாவது அடையாளம், அலை நடுக்கோட்டைக் கடக்கும் எண்ணிக்கை. ‘ஸ்’ என்னும் உரசொலியில் அலை மிக விரைவாக மேலும் கீழும் துடிக்கிறது; ‘ஆ’ என்னும் உயிரொலியில் மெதுவாக அசைகிறது. பேச்சில் இவ்விரண்டும் மாறி மாறி வருவதால் அந்த எண்ணிக்கை சட்டென ஏறி இறங்கும். இசையில் இத்தகைய தாவல் குறைவு. 1996ஆம் ஆண்டில் ஜான் சாண்டர்ஸ் என்னும் ஆய்வாளர் பெரும்பாலும் இந்த எளிய அளவுகளைக் கொண்டே வானொலி ஒலிபரப்பில் பேச்சையும் இசையையும் உடனுக்குடன் பிரித்துக் காட்டினார்.

ஒரு நாள் இருப்பும் சராசரி இருப்பும்

அதற்கு அடுத்த ஆண்டு, எரிக் ஷயரர், மால்கம் ஸ்லேனி ஆகிய இருவரும் 13 அளவுகளை ஒருங்கே ஆராய்ந்தனர். ஒவ்வொரு சிறு துண்டையும் தனித்தனியே பார்த்துத் தீர்ப்பளித்தபோது அவர்களின் சிறந்த முறையில் 5.8 விழுக்காடு பிழை நேர்ந்தது. 2.4 நொடி ஒலியைச் சேர்த்துப் பார்த்துத் தீர்ப்பளித்தபோது பிழை 1.4 விழுக்காடாகக் குறைந்தது.

வங்கியாளருக்கு இது வியப்பளிக்காது. ஒரு நாள் இருப்பை மட்டும் கண்டு ஒரு கணக்கின் தன்மையை நாம் முடிவு செய்வதில்லை. சில மாதங்களின் சராசரி இருப்பைப் பார்க்கிறோம். ஒரு கணத்து ஒலி ஏமாற்றக்கூடும். ஒரு நொடி, இரண்டு நொடி கேட்டால் ஒலியின் நடத்தை வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு பாடமும் நமக்குப் பழகியதே. காசோலையில் உண்மையான கையொப்பத்தைப் போலி என்று திருப்புவதும் பிழை. போலியை உண்மை என ஏற்பதும் பிழை. ஆனால் இரண்டின் விலை ஒன்றன்று. அதுபோல, காணொளிக்கு எழுத்துரை சேர்க்கும் கருவி இசையைப் பேச்சு என்று கருதினால் பொருளற்ற சில சொற்கள் திரையில் தோன்றும். பேச்சை இசை என்று கருதி ஒதுக்கிவிட்டால் எச்சரிக்கையே காணாமற்போகும். எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பதை அக்கருவியை அமைப்போர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டும் கலந்தால்

‘பேச்சா, இசையா’ என்ற கேள்வியே சில இடங்களில் பொருந்துவதில்லை. கர்நாடக இசையின் கொன்னக்கோலில் வாயால் சொல்லப்படும் சொற்கட்டுகளே தாளமாகின்றன. ஆலாபனையில் மனிதக் குரல் உண்டு, வாக்கியம் இல்லை. மகாராஷ்டிரத்துக் கீர்த்தனத்தில் கீர்த்தனகாரர் கதை சொல்லிக்கொண்டே பாட்டுக்குள் நுழைவார். பேச்சு முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தைக் கோடு கிழித்துக் காட்ட இயலாது.

எனவே இன்றைய கருவிகள் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளுவதில்லை. ‘பேச்சு இருக்க வாய்ப்பு எவ்வளவு? இசை இருக்க வாய்ப்பு எவ்வளவு?’ என்று தனித்தனியே மதிப்பிடுகின்றன. இதற்குப் பயிற்சி அளிக்கப் பெருந்தொகுப்புகள் தேவைப்பட்டன. 2017இல் கூகுள் வெளியிட்ட ‘ஆடியோசெட்’ தொகுப்பில், பத்து நொடி அளவிலான 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒலித்துண்டுகள் மனிதரால் வகைப்படுத்தப்பட்டுள்ளன. கலந்த ஒலியிலிருந்து குரலைத் தனியே பிரித்தெடுக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. இருப்பினும், பின்னணி இசை பேச்சுக்கு ஏறக்குறைய இணையான உரத்தில் ஒலிக்கும்போது அவையும் தடுமாறுகின்றன. பேச்சின் பள்ளங்களை இசை நிரப்பிவிட்டால், பேச்சு என்று காட்டும் முதல் அடையாளமே மங்கிவிடுகிறது.

முதியோரின் செவி

காகாவின் செவிக்கு நேர்ந்ததும் இதுவே. வயது ஏறும்போது கேட்கும் திறன் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் முதலில் குறைகிறது. சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பலவும் அந்தப் பகுதியில்தான் உள்ளன. இதனால் பேச்சு கேட்கும். என்ன சொல்கிறார்கள் என்பது விளங்காது. இளையோரின் செவி, இசை சற்றே தணியும் கணங்களில் கிடைக்கும் ஒலித் துணுக்குகளைக் கொண்டு சொல்லை நிரப்பிக்கொள்கிறது. முதியோருக்கு அந்தத் திறனும் குறைகிறது. அத்துடன், அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். அதில் ‘மத்’ இருப்பதை அறிந்தே கேட்டேன். ஆகவே எனக்குக் கேட்டது. முதன்முறை கேட்பவருக்கு அந்த உதவி இல்லை.

இதற்கொரு நெறி முன்பே வகுக்கப்பட்டுள்ளது. 2008இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு, பேச்சை முதன்மையாகக் கொண்ட ஒலிப்பதிவுகளில் பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது அதை நிறுத்தும் வசதி இருக்க வேண்டும் என்று உயர்நிலைத் தகுதியாகக் குறிப்பிடுகிறது. 20 டெசிபல் என்பது ஆற்றலில் நூறில் ஒரு பங்கு. செவிக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உரமாகத் தோன்றும்.

வாடிக்கையாளர்கள் செய்யத்தக்கவை

பணம் தொடர்பான எந்தக் காணொளியைப் பார்த்தாலும், எழுத்துரை வசதி இருப்பின் அதை இயக்கிக்கொள்ளுங்கள். சொல் ஒன்று தவறினாலும் கண் பிடித்துக்கொள்ளும். எனினும் தானியங்கி எழுத்துரையும் இசைக்கு நடுவே பிழைபடக்கூடும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

உங்கள் தொலைக்காட்சியின் ஒலி அமைப்புகளில் குரலைத் தெளிவாக்கும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் முதியோர் இருந்தால் ஒலியை உயர்த்துவது மட்டும் போதாது. ஒலியை உயர்த்தினால் பேச்சோடு இசையும் சேர்ந்தே உயரும்.

காணொளி வழியே வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதி அளித்தது. அத்தகைய அழைப்பில் பேசும்போது வானொலியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுங்கள். அதிகாரி கேட்கும் வினாவும் நீங்கள் தரும் விடையும் ஐயமின்றிப் பதிவாக வேண்டும்.

செவியில் விழுந்த அறிவுரை ஐயத்துக்கிடமாக இருந்தால், எதையும் செய்யுமுன் கிளைக்கு வந்து கேளுங்கள். ஓடிபி எண்ணை வங்கி ஒருபோதும் உங்களிடம் கேட்காது. இணைய மோசடியில் பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

காகா அன்று கேட்காமலேயே வீடு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். எச்சரிக்கும் பொருட்டு நாங்கள் எடுத்த படமே, மோசடிக்காரனின் அழைப்பு வரும் நாளில் அவனுக்குத் துணை நின்றிருக்கும்.

அந்த வாரமே படத்தைத் திருத்தினோம். இசை தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஒலிக்கும்படி செய்தோம். வாக்கியத்தை இருமுறை நிறுத்திச் சொல்லச் செய்து, திரையிலும் பெரிய எழுத்தில் காட்டினோம். அடுத்த மாதம் ஓய்வூதிய நாளில் காகாவை அழைத்து, படத்தை முதலில் அவருக்கே காட்டினேன். முடிந்ததும் என்ன கேட்டது என்று வினவினேன். விரலை உயர்த்தி அசைத்தபடி, “மத் பதாயியே, சாகேப்” என்றார். அதன் பிறகே அதைக் கூடத்தில் ஒளிபரப்பினோம்.